கொடிகாமச் சந்தியைக் கடந்த வெள்ளை வண்டி

இஞ்சாரும்,

இன்று காலையில் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கொடியில் உம்முடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மண்ணிறத்தில், நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் பெரிய பைகள் வைத்த அந்த வேலைச் சட்டை. காற்றுக்கு ஒரு கை எழும்பி எழும்பி விழுந்தது. வாளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உம்முடைய சட்டைகளை நீர் போன மறு கிழமையே வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவன் நான். இனி இந்த வளவுக்குள் அந்த நிறம் இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

கிட்டப் போய் மணந்து பார்த்தேன். உம்முடையதில் எத்தனை தரம் தோய்த்தாலும் மண் மணக்கும். இதில் சவர்க்காரத்துக்கு அடியில் ஆசுப்பத்திரி மருந்தின் நெடி இருந்தது. நம் பிள்ளை தர்சிகாவின் சட்டை. வழக்கமாக அவள் அதை என் கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின்னால்தான் காயப்போடுவாள். நேற்றைய மழைக்குப் பின்பக்கம் சேறாகிவிட்டதால் முன் கொடிக்கு வந்திருக்கிறது.

அப்படியென்றால் நம் பிள்ளை என்ன வேலைக்குப் போகிறாள் என்று உமக்கு விளங்கியிருக்கும். இவ்வளவு நாளும் உமக்கு இதைச் சொல்லாமல் இருந்தேன். சொல்லி முடித்தால் மனம் கொஞ்சம் ஆறுமோ என்று எழுதத் தொடங்குகிறேன்.

நான் பயந்தவன் என்பது உமக்குக் கலியாணத்துக்கு முன்னரே தெரியும். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு நாய் குரைத்ததற்கு, கூட வந்தவர்களை உள்ளே விட்டுவிட்டு நான் படலைக்கு வெளியே நின்றேன். நீர்தான் வந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "உது கடிக்காது, வாங்கோ" என்றீர். எங்கள் வீட்டில் பயத்தை ஒரு ஒழுக்கமாகவே வளர்த்தார்கள். தெருவில் சத்தம் கேட்டால் அப்பு விளக்கைத் தணிப்பார். ஆரேனும் உதவிக்குக் கூப்பிட்டால் அம்மாவின் வாயில் முதலில் வருவது "எங்களுக்கேன் வீண் சோலி" என்பதுதான். அதைக் கெட்ட குணம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலங்களில் எங்களை உயிரோடு கரை சேர்த்தது அந்தச் சொல்தான்.

உங்கள் வீடு வேறு மாதிரி. ஊரில் ஆரையேனும் பாம்பு தீண்டினால், ஆருக்கேனும் பிள்ளைப்பேற்று நோவு கண்டால், உம்முடைய ஐயாவின் சைக்கிள்தான் முதலில் தெருவில் இறங்கும். பின்னால் கரியரில் பலகை கட்டி, அதில் ஆளை இருத்தி, செல் குண்டு விழுகிற பாதையாலும் மிதித்துக்கொண்டு போவாராம். சோற்றில் கை வைத்திருக்கும்போது ஆள் வந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு எழும்புவாராம். ஏன் எப்போதும் நீங்களே போகவேண்டும் என்று உம்முடைய அம்மா கேட்டால், "ஆராவது போகத்தானே வேணும்" என்பாராம். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. அந்தச் சொல்லைத்தான் நீர் சீதனமாகக் கொண்டுவந்தீர் என்று நான் பகிடி பண்ணுவேன். அந்தப் பகிடிக்குள் கொஞ்சம் கசப்பும் இருந்தது உமக்குத் தெரியும்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலை விட்டுக் கல்வீட்டுக்கு மாறிய காலம். நான் கொடிகாமச் சந்தியில் ஓட்டோ ஓடத் தொடங்கியிருந்தேன். கண்டி வீதியால் கிழக்கே, எழுதுமட்டுவாளையும் தாண்டி முகமாலைப் பக்கம் போனால் இரண்டு கரையிலும் தலையில்லாத பனைகள். அவற்றுக்குக் கீழே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். அந்தப் பக்கம் சவாரி வந்தால் நான் அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். தார் வீதியில் மிதிவெடி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் சில்லு வீதிக் கரையைத் தொட்டால் ஓட்டோவை உடனே நடுவுக்கு வெட்டிவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பின்னேரம் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு நீர் சொன்னீர்.

"இஞ்சாருங்கோ, நான் அந்த வேலைக்குப் பேர் குடுத்திட்டன்."

"எந்த வேலைக்கு?"

"முகமாலையிலை. மிதிவெடி எடுக்கிற வேலைக்கு. பொம்பிளையளையும் எடுக்கினம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "உமக்கென்ன விசரே? வீட்டிலை சின்னப் பிள்ளை ஒண்டு இருக்கு. எங்களுக்கேன் உந்தச் சோலி?"

"ஆராவது எடுக்கத்தானே வேணும்."

"அந்த ஆராவது நீராத்தான் இருக்கவேணுமோ?"

முற்றத்தில் தர்சிகா ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்தபடியே சொன்னீர். "நீங்கள் பயப்பிடுறதைப் பயப்பிடுங்கோ. மறிக்க மட்டும் மறியாதேங்கோ."

நான் மறிக்கவில்லை. பயந்தேன். விடியற்காலையில் உங்களுடைய வாகனம் வந்து உம்மை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு சந்தியில் ஓட்டோவை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் என் முகம் கிழக்கே திரும்பித்தான் இருக்கும். பின்னேரம் வாகனம் சந்தியைக் கடக்கும்போது ஜன்னலால் ஒரு கை வெளியே வரும். அதைக் கண்ட பிறகுதான் அன்றைய சோறு எனக்கு இறங்கும். மற்ற ஓட்டோக்காரர் சிரிப்பார்கள். "அண்ணை, அக்காவின்ரை கை வந்திட்டுது, இனிச் சாப்பிடுங்கோ" என்பார்கள்.

அது எப்படியான வேலை என்று நான் கேட்கவே இல்லை. ஒருநாள் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நீராகவே சொன்னீர். முழங்காலை ஊன்றி இருந்து, முகத்தைக் கண்ணாடிக் கவசத்தால் மூடிக்கொண்டு, கருவி கத்துகிற இடத்தில் மண்ணைச் சிறு வாரியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும். "பிள்ளைக்குப் பேன் பாக்கிற மாதிரித்தானப்பா. அவசரப்பட்டால் ஒண்டும் பிடிபடாது." பிள்ளை உம்முடைய மடியில் தலையை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததை நான் அன்று கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளில் கண்டேன். ஓட்டோவை விட்டு இறங்கி வந்தால் மாமரத்துக்குக் கீழே அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மண்ணில் முழங்காலில் இருக்கிறார்கள். முகத்தில் வெட்டிய சோடாப் போத்தல்கள். கையில் கரண்டிகள். ஒரு பெடியன் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து கத்துகிறான். தர்சிகா மாத்திரம் மண் கிண்டாமல் தள்ளிப்போய் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கத்தியதும் எழும்பி, ஈர்க்குக் குத்தி வைத்திருந்த ஒரு வழியால் சுற்றி நடந்து வந்து அவனுடைய கைக்குத் துணி சுற்றினாள். போத்தல்களைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். பிள்ளைகள் அழுதார்கள். நீர் வேலையால் வந்து கேள்விப்பட்டு என்னை ஏசவில்லை. "விளையாடட்டும் விடுங்கோ. விளையாட்டிலை பிழை விட்டால் எழும்பி வரலாம்" என்று மட்டும் சொன்னீர்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை. காய்ச்சல் என்று தெரிந்தும் இரண்டாம் நாளும் வேலைக்குப் போனீர். மூன்றாம் நாள் படலை வரை நடக்க முடியவில்லை. டெங்கு என்றார்கள். இரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. மிதிவெடி வயலிலிருந்து ஒரு கீறலும் இல்லாமல் இத்தனை வருடம் திரும்பி வந்தவரை ஒரு நுளம்பு கொண்டுபோகும் என்று ஆர் நினைப்பது? நான் கண்டி வீதியைப் பார்த்துக் காவல் இருந்தேன். சாவோ வீட்டுக்குப் பின்னால், கோடிப் பக்கத்தால் வந்தது. கடைசியாக நீர் என்னிடம் கேட்டது, தர்சிகாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து காய்ந்துவிட்டதா என்பதுதான். காய்ந்துவிட்டது என்றேன். உண்மையில் காயவில்லை.

அதற்குப் பிறகு என் பயம் முழுவதும் பிள்ளையின் மேல் வந்து இறங்கியது. அவள் கிணற்றுக்குப் போனால் பின்னால் போவேன். நுளம்பு வலையின் நாலு பக்கத்தையும் நானே இழுத்துச் செருகுவேன். அவள் நன்றாகப் படித்தாள். உயர்தரத்தில் உயிரியல். மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்கு அவளுடைய புள்ளி போதவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆசிரியர் வேலைக்குப் படிக்கலாம், வங்கிக்குப் போகலாம், கனடாவில் இருக்கும் உம்முடைய தம்பி கூப்பிட்டால் அங்கே போய்க் குளிரில் பாதுகாப்பாக இருக்கலாம். அவள் இதெல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவசர சிகிச்சை உதவியாளர் பயிற்சிக்குப் போனாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆசுப்பத்திரி வேலைதானே, கூரைக்குக் கீழேதானே என்று.

பயிற்சி முடிந்து வந்தவள், நான் ஓட்டோவுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அப்பா, முகமாலையிலை மெடிக் ஒராள் தேவையாம்."

மெடிக் என்றால் வயலில் காயப்பட்டவரிடம் முதலில் போகிற ஆள். எனக்குத் தெரியும். நீர் சொல்லியிருக்கிறீர். தெரியாதவன் போலக் கேட்டேன். "ஆர் சொன்னது?"

"சுமதியன்ரி. அம்மாவோடை வேலை செய்தவ, இப்பவும் அங்கைதான். முந்தியிருந்த மெடிக் கலியாணம் செய்து வெளிநாடு போட்டாவாம். ஆளில்லாமல் வயலை மூடி வைச்சிருக்கினமாம். மெடிக் இல்லாட்டி வேலை செய்ய விடமாட்டினம்."

"அப்ப வேறை ஆரையும் பிடிக்கட்டும்."

"ஆரையப்பா?"

"ஊரிலை உன்னை விட்டால் ஆளில்லையோ?"

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவள் பிறக்குமுன்னரே செத்துப்போன உம்முடைய ஐயாவின் சொல், அவருடைய குரலை ஒருநாளும் கேட்டிராத பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. "ஆராவது போகத்தானே வேணும்."

நான் எழும்பிப் போய் எண்ணெய்க் கையைக் கழுவினேன். நெடுநேரம் கழுவினேன். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. உமக்குக் கொடுத்த வாக்கு ஒன்றும் எனக்கு நினைவில்லை, ஏனென்றால் நான் வாக்குக் கொடுக்கவே இல்லை. மறியாதேங்கோ என்று நீர் சொன்னீர், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் வேண்டாம் என்பது என் வாயால் வரவில்லை. சம்மதித்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் வாகனம் வந்து எங்கள் படலையில் நின்றது. நான் அடுப்படியில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அவளுடைய வேலை பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். வெள்ளை அம்புலன்ஸ் வண்டிக்குப் பக்கத்தில், நிழல் கொட்டிலில், பையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "நான் வேலை செய்யாத நாள்தான் நல்ல நாள், அப்பா" என்பாள். அப்படி எத்தனையோ நல்ல நாள்கள் போயின. நான் பழையபடி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் ஜன்னலால் கை வரும். இவளுடைய கை சின்னது.

அன்று பங்குனி வெயில். பாக்கியம் என்று ஒரு மனுசி, ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோகிறவ, இரண்டு மூட்டையை ஓட்டோவுக்குள் ஏற்றிவிட்டு மூன்றாவதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏறினா. சாவகச்சேரிக்குப் போகவேண்டும். நான் ஓட்டோவை எடுத்துச் சந்தியில் திருப்பும்போது கிழக்கிலிருந்து ஹோர்ண் சத்தம் கேட்டது.

அவர்களுடைய வெள்ளை அம்புலன்ஸ் எப்போதும் மெல்லப் போகிற வண்டி. எண்ணெய் அடிக்க வந்தாலும், கழுவ வந்தாலும், வீதிக் கரையோடு ஊர்ந்துதான் போகும். அன்று அது மேலே விளக்கு எரிய, பஸ்ஸை முந்தி, சந்தியில் நின்றவர்களைச் சிதறடித்துக்கொண்டு மேற்கே பறந்தது. பின் கண்ணாடியில் துணித் திரை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

இதை எப்படி உமக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வண்டி அந்த வேகத்தில் போனால் உள்ளே ஒரு காயக்காரர் இருக்கவேண்டும். காயக்காரரோடு மெடிக் இருக்கவேண்டும். ஆகவே என் பிள்ளை அந்த வண்டிக்குள் இருக்கிறாள். அதில் சந்தேகம் இல்லை. இருக்கிறாளா, கிடக்கிறாளா என்பதுதான் தெரியாது.

நான் ஓட்டோவை அதற்குப் பின்னால் விட்டேன். கைத்தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் வைத்துக்கொண்டு அவளுடைய இலக்கத்துக்கு அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

"தம்பி, மெல்லமாப் போங்கோ, தேங்காய் உருளுது" என்றா பாக்கியமக்கா.

"என்ரை பிள்ளை அந்த வண்டிக்குள்ளை."

"எந்த வண்டி?"

"இப்பப் போனது. மிதிவெடிக்காரற்றை."

அவ மடியிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினா. பிறகு, "போனை இஞ்சை தாங்கோ, நான் அடிச்சுப் பாக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்றா. என் தோளிலிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டா. சாவகச்சேரிச் சந்தை வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். "எனக்கு இறங்கத் தேவையில்லை. நிப்பாட்டாதேங்கோ" என்றா. சாவகச்சேரி ஆசுப்பத்திரி வாசலில் கேட்டோம். வண்டி இங்கே திரும்பவில்லை, நேரே யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது என்றான் காவலாளி. பெரிய ஆசுப்பத்திரிக்கு நேரே கொண்டுபோகிறார்கள் என்றால் காயம் பெரிது. அது எனக்குத் தெரியும். பாக்கியமக்காவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவ திரும்பத் திரும்ப இலக்கத்தை அடித்துக்கொண்டிருந்தா.

கைதடி, நாவற்குழிப் பாலம், அரியாலை. அந்த வீதியில் நான் எத்தனையோ ஆயிரம் தரம் ஓடியிருக்கிறேன். அன்று ஒரு மரமும் என் கண்ணில் படவில்லை. வாயில் பிள்ளையாரின் பேர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்ன வேண்டினேன் என்று உமக்கு மட்டும் சொல்கிறேன். கிடப்பது வேறு ஆரோ பெற்ற பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படி வேண்டுவது பிழை என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. நாவற்குழிப் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடித்தபோதுதான் என் முகம் நனைந்திருப்பது தெரிந்தது.

ஆசுப்பத்திரி விபத்துப் பிரிவுக்கு முன்னால் அந்த வண்டி நின்றது. பின்கதவு இரண்டும் திறந்திருந்தன. சாரதி ஒரு வாளித் தண்ணீரால் வண்டியின் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் சிவப்பாக வடிந்து சீமெந்தில் ஓடியது. நான் ஓட்டோவை விட்டு இறங்கினேன். கால் நடந்தது. அந்தப் பெடியனுக்கு முன்னால் போய் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியமக்காதான் கேட்டா. "தம்பி, ஆருக்குக் காயம்?"

"சுமதியக்காவுக்கு. கை."

"மெடிக் பிள்ளை?"

"உள்ளுக்கை நிக்கிறா."

நிற்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் ஓட்டோச் சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சுமதியை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயலில் உமக்குப் பக்கத்து வரிசையில் வேலை செய்தவள். உம்முடைய செத்தவீட்டில் இரண்டு நாளும் எங்கள் அடுப்படியில் நின்று சமைத்தவள். பாலத்தில் வைத்து நான் வேண்டிக்கொண்ட அந்த வேறு ஆரோ பெற்ற பிள்ளை அவள்தான். கடவுளே காப்பாற்றினீர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

தர்சிகா வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். சட்டையின் முன்பக்கம் முழுவதும் இரத்தம். அது தன்னுடையதல்ல என்று காட்ட இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். நான் தேத்தண்ணிக் கடையில் வாங்கிய பிளேன்ரீயை அவளிடம் கொடுத்தேன். கோப்பை அவளுடைய கையில் ஆடியது. நான் என் கையால் அதன் அடியைத் தாங்கிப் பிடித்தேன். தேத்தண்ணி இரண்டு பேருடைய விரலிலும் சிந்தியது.

"கண் தப்பிட்டுதப்பா" என்றாள். "கவசம் போட்டிருந்தவ. இரண்டு விரல் இல்லை. மற்றது தப்பும் எண்டுதான் டொக்டர் சொல்லுறார்."

"நீ?"

"எனக்கொண்டுமில்லை." கோப்பையைக் கீழே வைத்தாள். "சரியாப் பயந்திட்டன், அப்பா. வெடிச்ச உடனை சுமதியன்ரி என்ரை பேரைச் சொல்லித்தான் கத்தினவ. நேரே ஓடினால் கிட்ட. குச்சி குத்தின பாதையாலை சுத்திப் போனால் தூரம். என்ரை காலெல்லாம் நேரே ஓடத்தான் பாத்தது."

"ஓடினியோ?"

"இல்லை. நிண்டன். உங்களைத்தான் நினைச்சன். கிணத்தடிக்குப் போகவே பின்னாலை வாற ஆள். நிண்டு, பொறுப்பாளர் பாதையைப் பாத்துச் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டு, சுத்தித்தான் போனன். பிறகு அவை அந்த நேர்ப் பாதையைச் சோதிச்சவை. இன்னுமொண்டு அதிலை கிடந்தது."

என் வாழ்நாள் முழுவதும் நான் வெட்கப்பட்ட குணம் இந்தப் பயம். ஊரார் சிரித்தது, நீர்கூடச் சில நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. அது என் பிள்ளையை ஒரு மணல் வெளியில் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் நீர். நின்று போ என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் பாக்கியமக்கா தேங்காய் மூட்டைமேல் இருந்துகொண்டு கேட்டா. எழும்பி வந்து பிள்ளையின் இரத்தம் காய்ந்த கையைப் பிடித்தா. "எந்தப் பக்கம் மோனை வெடிச்சது?"

"பழைய வாசிகசாலைக்குப் பின்பக்கம், அம்மா. ஒரு இடிஞ்ச கிணறு இருக்கு."

"வளைஞ்ச தென்னை ஒண்டு நிக்கோ கிணத்தடியிலை?"

"அடிக்கட்டை மட்டும் நிக்குது."

"அது என்ரை வளவு." அவ பிள்ளையின் கையை விடவில்லை. "கலியாணம் கட்டிப் போன வீடு. சண்டையிலை எழும்பி ஓடினது ஓடினதுதான்" என்றா. பிறகு சுமதியின் வாட்டுக்கு எந்த வழியால் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அன்று விற்கவேண்டிய தேங்காய்களை ஓட்டோவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனா. சுமதியின் புருசன் தொழிலுக்குப் போன கடலிலிருந்து வந்து சேரும்வரை அவதான் கட்டிலடியில் இருந்தா.

சுமதி தேறிவிட்டாள். இடது கையில் இரண்டு விரல் இல்லை. இப்போது வயலுக்குள் இறங்குவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குகிறாள். தர்சிகாவுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தார்கள். அந்த நாள்களில் அவள் சோறு உண்ணும்போது சிலநேரம் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பாள். இனிப் போகமாட்டாள் என்று நான் உள்ளுக்குள் நம்பத் தொடங்கினேன். உம்முடைய தம்பிக்குத் தொலைபேசியில் கதைத்தேன். அவன் உடனே அலுவல் பார்க்கிறேன் என்றான்.

ஓய்வு முடிந்த அன்று விடியற்காலையில் அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் போய் நின்றேன். அன்று மறிப்பதென்றே நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தேன்.

"தண்ணிப் போத்தல் எடுத்தியோ?"

"ஓமப்பா."

வாசலை விட்டு விலகினேன்.

போன மாதம் பாக்கியமக்கா தொலைபேசியில் கூப்பிட்டா. "தம்பி, என்ரை வளவைத் தந்திட்டினம். பலகை கழட்டியாச்சு. ஓட்டோவைக் கொண்டுவாங்கோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு." அது முகமாலைச் சவாரி. வேறு ஆளுக்கு விட்டுக்கொடுக்க முடியாத சவாரி. ஞாயிற்றுக்கிழமை போனோம். எழுதுமட்டுவாளைத் தாண்டியதும் என் கை ஹாண்டிலில் வேர்த்தது. தர்சிகா பின்னாலிருந்து பாக்கியமக்காவோடு எதையோ சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். நான் தார் வீதியில் நின்றேன். உள்ளே வெள்ளை மணல். அதில் பற்றைகள் வெட்டிய கட்டைகள். நீர் முழங்காலை ஊன்றி வாரிய மண் இதுவோ, இதற்குப் பக்கத்ததோ எனக்குத் தெரியாது. கடைசியில் இறங்கினேன். ஒரு காலை வைத்தேன். மற்றக் காலை வைத்தேன். பிள்ளையின் காலடி பதிந்த இடங்களைத் தேடித் தேடி, அதன் மேலேயே என் பெரிய காலை வைத்துக்கொண்டு போனேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அடிகளைக் கொஞ்சம் கிட்டக் கிட்ட வைத்து நடந்தாள்.

கிணற்றடிக்கு வந்ததும் பாக்கியமக்கா சாக்கிலிருந்து ஒரு தென்னம்பிள்ளையை எடுத்தா. மண்வெட்டியை என்னிடம் நீட்டினா.

"நீங்கள் குழியை வெட்டுங்கோ, தம்பி."

"நானோ?"

"எனக்கு நாரி நோ, குனிய ஏலாது. பிள்ளை தன்ரை பங்கைச் செய்திட்டாள்."

அந்த மண்ணில் மண்வெட்டியை ஓங்கிப் போடுவது. அதை நினைத்துப் பாரும். நான் தர்சிகாவைப் பார்த்தேன். "சோதிச்ச இடமப்பா. நான் நிக்கிறன்" என்றாள். என்னை விட்டுத் தள்ளி நிற்காமல், எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். அதனால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவளைத் தள்ளிப் போகச் சொன்னேன். அவள் அசையவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டைப் போட்டேன். மண் வெட்டுப்பட்ட சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஒவ்வொரு தரமும் மண்வெட்டி இறங்கும் முன் என் மூச்சு நின்றது. குழி முடியும்வரை அது பழகவே இல்லை. கன்றை வைத்து மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது என் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. பாக்கியமக்கா கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா.

நீர் இருந்திருந்தால், "பாத்தீங்களே, ஒண்டுமில்லை" என்று சொல்லியிருப்பீர். உண்மைதான், ஒன்றுமில்லை. ஆனால் உம்மிடம் பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் எழுத்துக் கோணுகிறது. பிள்ளை இப்போது வயலில் இருக்கிறாள். இன்று நல்ல நாளா என்று பின்னேரம்தான் தெரியும். அடுத்த ஞாயிறு பாக்கியமக்கா வேலி அடைக்கக் கூப்பிட்டிருக்கிறா. அறுபது கதியால் தடி நடவேண்டுமாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. வாறன் என்று சொல்லிவிட்டேன்.